துணைகளை வீட்டுக்குள் உலர்த்துவது குறித்து

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்,
மூன்றாம் மாடி, மேற்கு மூலை வீடு
(படிக்கட்டு முடிந்ததும் இடப்பக்கம், மருந்து வாடை வரும் கதவு).

பெறுநர்:
பராமரிப்பு அதிகாரி அவர்கள்,
குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: மொட்டை மாடிக் கதவின் பூட்டைத் திறந்து, துணி உலர்த்த அனுமதி வேண்டுதல் – மருத்துவமனையில் உள்ள மனைவியை வீட்டுக்கு அழைத்து வரும் பொருட்டு – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு.
2. தங்கள் இளநிலைப் பொறியாளரின் ஆய்வறிக்கை.
3. தங்கள் பதில் கடிதமும், அதனுடன் வந்த ‘வீட்டுக்குள் துணி உலர்த்தச் சிறந்த வழிகள்’ என்ற கையேடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவைப் பணிவாக எழுதினேன். இதையும் பணிவாகவே எழுத முயல்கிறேன். எங்காவது பணிவு குறைந்திருந்தால் அது வயிற்றெரிச்சல் என்று கொள்ளவும், மரியாதைக் குறைவு என்று கொள்ள வேண்டாம்.

1. நானும் என் மனைவியும் மேற்கண்ட வீட்டில் குடியிருக்கிறோம். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, ஒரு ஜன்னல். மகள் வேறு ஊரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அது முதல் அவளுக்கு எல்லாம் படுக்கையில்தான். ‘எல்லாம்’ என்பதை விவரித்து எழுத அவள் சம்மதிக்கவில்லை. தாங்களே புரிந்துகொள்ளக் கோருகிறேன். விரிப்பு, அதற்கு அடியில் போடும் துணி, இடுப்பில் சுற்றும் துணி, தலையணை உறை என்று பொழுது விடிந்தால் ஒரு வாளி, சாய்ந்தால் ஒரு வாளி. துவைப்பது நான். துவைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் அதற்கு அடுத்த வேலையில் இருக்கிறது.

2. மொட்டை மாடி திறந்திருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். உதறி, கொடியில் மடித்துப் போட்டு, கிளிப் மாட்டிவிட்டு இறங்குவேன். வெயிலும் காற்றும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிறகு நம் கட்டடத்துக்கு முன்னால் புதிய மேம்பாலம் வந்தது. அதைத் திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வருவதாகச் சொன்னார்கள். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் எங்கள் உள்பாவாடையும் லுங்கியும் அவர் கண்ணில் படும் என்று கவலைப்பட்டு, தங்கள் அலுவலகம் கொடிகளை அறுத்தது, சுவருக்கு வெள்ளையடித்தது, மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டது. பெரிய மனிதர் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில் ஒரே மூச்சில் போய்விட்டார். அவர் போனார், பூட்டு போகவில்லை. சாவியைக் கேட்டால் காவலாளி, “ஆபீஸ்ல இருக்கு சார்” என்கிறார். ஆபீஸில் கேட்டால், “வாட்ச்மேன்கிட்டதானே கொடுத்தோம்” என்கிறார்கள். இரண்டு பக்கமும் நடந்து என் செருப்புதான் தேய்ந்தது.

3. ஆகவே முதல் மனுவை எழுதினேன். துணியை அறைக்குள் கட்டி வைப்பதால் சுவர் வேர்க்கிறது, மூலையில் பூஞ்சை படர்கிறது, விரிப்பு காயவில்லை, நோயாளிக்கு முதுகுத் தோல் கன்றிப்போகிறது என்று எழுதி, நேரில் வந்து பார்க்கும்படி வேண்டியிருந்தேன். தங்கள் அலுவலகமும் நேரில் வந்தது. அதற்கு நன்றி.

4. வந்தபோது நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். தங்கள் இளநிலைப் பொறியாளர் வருவதற்குச் சற்று முன்னால் காவலாளி ஓடிவந்து, “சார், ஆபீஸர் கீழ வந்துட்டாங்க” என்றார். அதைக் கேட்டதும் என் மனைவி படுக்கையிலிருந்தே பதறிவிட்டாள். “ஐயோ, வீடு இருக்கிற லட்சணத்துக்கு வெளி மனுஷங்க வரதா? முதல்ல அந்தத் துணியையெல்லாம் எடுங்க” என்றாள். எதிர்வீட்டுத் தையற்காரம்மாவும் கைகொடுக்க வந்துவிட்டார். மூவரும் பதறியதில் எவருக்கும் மூளை வேலை செய்யவில்லை. கொடியை அவிழ்த்தோம். ஈரத் துணியைச் சுருட்டி வாளியில் திணித்துக் குளியலறையில் ஒளித்தோம். பூஞ்சை பிடித்த மூலையில் காலண்டரை மாட்டினோம். தையற்காரம்மா ஊதுபத்திகூட ஏற்றி வைத்தார். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வீட்டைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவர் எதைப் பார்க்க வருகிறார் என்பதே மறந்துபோயிற்று. புகார் கொடுத்தவர்களே சாட்சியத்தை ஒளித்து வைத்த கூத்து வேறெங்கும் நடந்திருக்காது.

5. பொறியாளர் தம்பி நல்ல மாதிரிதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். “வீட்ட நீட்டா வச்சிருக்கீங்களே” என்றார். என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அப்போதுதான் விழித்துக்கொண்டு, குளியலறையைப் பாருங்கள், காலண்டரைத் தூக்கிப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். ஆய்வறிக்கையில், “வீடு உலர்வாகவும் தூய்மையாகவும் உள்ளது. ஈரத் துணி ஏதும் காணப்படவில்லை. மனுதாரரின் குறை உறுதிப்படவில்லை” என்று இருந்தது. அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அதில் உண்மையும் இல்லை.

6. அதன் பின் தங்கள் பதில் கடிதம் வந்தது. என் மனைவிக்குக் கடிதம் என்றால் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அச்சில் இருந்தபடியே படித்தேன். “குடியிருப்போர் தங்கள் துணைகளை வெளியில் தெரியும்படி தொங்கவிடுவதைத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே உலர்த்திக்கொள்ள வேண்டும். கிழிந்த, கறைபட்ட துணைகளை உடனுக்குடன் அப்புறப்படுத்தவும்.” துணி என்று அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் தட்டச்சு செய்தவர் துணை என்று அடித்திருந்தார். கடிதம் நெடுக அப்படித்தான். அதில் தங்கள் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. நான் படித்துக்கொண்டே போகிறேன், கட்டில் ஆடுகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் விழுந்த பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு கோணவில்லை. “பாத்தீங்களா, என்னை அப்புறப்படுத்தச் சொல்லி ஆர்டரே வந்துடுச்சு” என்றாள். அன்று முதல் நான் வாளியோடு வரும்போதெல்லாம், “உங்க துணை இன்னும் காயலைங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போடுங்க” என்பாள். அந்தச் சிரிப்புக்காகத் தங்கள் அலுவலகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதற்கு மேல் எதற்கும் இல்லை.

7. இனி கையேடு. அட்டைப் படத்தில் ஒரு குடும்பம் அகலமான ஜன்னல் ஓரம் நின்று, ஒற்றைச் சட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வேறு துணியே இல்லை போலும். இருந்தாலும் அரசாங்கத்தார் சொல்வதைச் செய்து பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தேன். கண்ட பலனைக் கீழே தருகிறேன்.

(அ) ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தவும். ஏற்படுத்தினேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதில் ஒரு சமையலறைப் புகைபோக்கி விசிறி எங்களைப் பார்த்துச் சுழல்கிறது. காற்று வந்தது, தாளித்த எண்ணெயும் கூடவே வந்தது. விரிப்பு காயாமல் கமறியதுதான் மிச்சம். அவளுக்குப் பொழுதெல்லாம் தும்மல்.

(ஆ) மடக்கு ஸ்டாண்டில் பரப்பிப் போடவும். வாங்கிப் பரப்பினேன். ஸ்டாண்டு விரிந்தால் கதவு திறக்காது. கதவு திறந்தால் ஸ்டாண்டு விரியாது. கட்டிலுக்குப் போக வேண்டுமானால் ஈர வேட்டிக்கு அடியில் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நெரிசல் பேருந்தில் சீட்டுக் கிழித்தவன் என்பதால் நான் போய்விடுவேன். டாக்டர் வந்தபோதுதான் சிரமமாகிவிட்டது.

(இ) மின்விசிறியின் கீழ் உலர்த்தவும். எங்களிடம் இருப்பது ஒரு விசிறி. அதன் கீழ் இருப்பது என் மனைவி. துணியை அங்கே கட்டினால் ஈரக் காற்று முழுவதும் அவள் மேல் இறங்குகிறது. கட்டாவிட்டால் துணி காயாது. விசிறி துணிக்கா துணைக்கா என்று அன்றாடம் ஒரு பஞ்சாயத்து. அவள் எப்போதும் துணியின் பக்கம்தான் பேசுவாள்.

(ஈ) பாதி ஈரத்தில் இஸ்திரி போடவும். போட்டேன். அறை முழுவதும் ஆவி பறந்தது, சுவர் மேலும் வேர்த்தது, கடைசியில் ஃபியூஸ் போயிற்று. விசிறியும் நின்றுவிட்டது.

(உ) உலர்ந்த துண்டில் துணியைச் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். இது ஒன்று மட்டும் உண்மையாகவே வேலை செய்கிறது என்பதை மனதாரச் சொல்லிக்கொள்கிறேன். துணியின் ஈரம் துண்டுக்குப் போய்விட்டது. அந்தத் துண்டை எங்கே காயப் போடுவது என்பதைப் பார்க்கக் கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே குடிநீர்ச் சிக்கனம் பற்றிய படம் இருந்தது.

(ஊ) தேவைக்கு மிகாமல் துவைக்கவும். ஐயா, என் மனைவி தேவைக்கு மிகாமல்தான் நனைக்கிறாள். அதையும் குறைக்க வேண்டும் என்று அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். நான் டம்ளரை நீட்டினால், “தாகமே இல்லைங்க” என்பாள். உதடு வெடித்திருக்கும். இந்த வரியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. தெரிந்தால் நான் ஏதாவது பேசிவிடுவேன்.

8. துணி காய்ந்ததா இல்லையா என்று பார்க்க என் மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. கையால் தொட்டுப் பார்க்க மாட்டாள். துவைத்துத் துவைத்து மரத்துப்போன கைக்கு ஈரம் தெரியாது, கன்னத்துக்குத்தான் தெரியும் என்பாள். மாடியிலிருந்து எடுத்த துணியை அங்கேயே கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, துளி ஈரம் இருந்தாலும் மறுபடி கொடியில் போட்டுவிடுவாள். படுத்த பிறகும் அந்த வேலை அவளுடையதாகத்தான் இருந்தது. நான் விரிப்பைக் கொண்டுவந்து அவளுடைய வலது கன்னத்தில் வைப்பேன். இடது கன்னத்துக்கு உணர்ச்சி இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள். “காயலை” என்றால் திரும்பக் கட்டுவேன். “காஞ்சிடுச்சு” என்றால் விரிப்பேன். அவள் வாயால் சொல்லாமல் ஒரு துணியும் அந்தக் கட்டிலில் ஏறியதில்லை.

9. மழை பிடித்துக்கொண்டது. கொடியில், ஸ்டாண்டில், கதவு மேல், நாற்காலி முதுகில் என்று எங்கு பார்த்தாலும் துணி, எதைத் தொட்டாலும் சில்லென்று இருந்தது. ஆனால் என்ன ஆச்சரியமோ, அந்த நாட்களில் அவள் எதை வைத்தாலும் “காஞ்சிடுச்சு” என்றாள். நான் என் கையால் தொட்டுப் பார்த்தேன். சோப்பில் ஊறிய கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விரித்தேன். பரவாயில்லையே, தங்கள் கையேடு ஒருவழியாகப் பலன் தருகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். துண்டில் முறுக்கும் வழியைப் பற்றித் தையற்காரம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

10. காய்ச்சல் வந்தது. பார்க்க வந்த நர்ஸ் அவளைப் புரட்டி முதுகைப் பார்த்தார். பிறகு விரிப்பைப் பிடித்துப் பார்த்து, “என்ன சார் இது, ஈரத்துலேயே போட்டு வச்சிருக்கீங்க? முதுகெல்லாம் புண்ணு, சீழ் வச்சிருக்கு” என்றார். நான் காய்ந்த துணிதான் விரித்தேன், அவளே சொன்னாள் என்று வாதாடினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் மருந்து எடுக்க வெளியே போனதும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. “வேற துணி எங்கிருக்கு? நான் காயலைன்னு சொன்னா நீங்க மறுபடியும் பிழிஞ்சு பிழிஞ்சு கை வீங்குது. எனக்கு என்ன, படுத்துத்தானே கிடக்கேன்” என்றாள்.

11. ஐயா, எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு பேர் தவறான சான்று கொடுத்திருக்கிறார்கள். ஈரம் இல்லை என்று தங்கள் அலுவலகம் எழுத்தில் கொடுத்தது. ஈரம் இல்லை என்று என் மனைவி வாயால் சொன்னாள். அவள் சொன்னது எனக்காக. அதன் விலையை அவள் முதுகு கொடுத்தது. தங்கள் அலுவலகம் யாருக்காகச் சொன்னது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் சுவர், தரை, விரிப்பு, தலையணை என்று எதைத் தொட்டாலும் ஈரம் இருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் மட்டும் அது துளியும் இல்லை.

12. ஸ்ட்ரெச்சரில் படி இறக்கும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். ஏதோ மருந்துச் சீட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். “கறைபட்ட துணையை அப்புறப்படுத்துறாங்க. ஆர்டர்படிதான் நடக்குது” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். படிக்கட்டு முழுவதும் அந்தச் சிரிப்பை முகத்திலேயே பிடித்துக்கொண்டு இறங்கினேன். வண்டிக் கதவு சாத்திய பிறகு என்னால் முடியவில்லை.

13. இப்போது புண் ஆறி வருகிறது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பெரிய டாக்டர் கண்டிப்பாக ஒன்று சொன்னார். “காஞ்ச துணியும் காஞ்ச ரூமும் இருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா ஹோம்ல சேர்த்துடுங்க. மறுபடி இந்த மாதிரி ஆச்சுன்னா தாங்க மாட்டாங்க” என்றார். அவர் சொன்ன விடுதி ஊருக்கு வெளியே இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. பெரிய முற்றத்தில் வரிசையாகக் கொடி கட்டி, வெள்ளை விரிப்புகள் காற்றில் படபடக்கின்றன. பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஆனால் அங்கே பெண்களை மட்டுமே சேர்க்கிறார்கள். கணவன் பார்வை நேரத்தில் வந்து போகலாமாம். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது பார்வை நேரத்தில் பார்த்துக்கொள்வதற்கு அல்ல. அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால், “அதுவே நல்லதுங்க, உங்களுக்கும் ஓய்வு” என்று சொல்லிவிடுவாள். அவள் “காஞ்சிடுச்சு” என்று சொன்ன அதே குரலில் சொல்வாள். அதை இன்னொரு முறை நம்ப நான் தயாராக இல்லை.

14. எனவே தங்களிடம் நான் கேட்பது மொட்டை மாடிக் கதவின் சாவி. அது எவரிடம் இருந்தாலும் சரி, கண்டுபிடித்துத் தரவும். கொடியை நானே கட்டிக்கொள்கிறேன். பாலத்திலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டுகிறேன். மீண்டும் எந்தப் பெரிய மனிதராவது வருவதானால் முன்கூட்டியே தெரிவித்தால் அவர் போகும் வரை துணியை இறக்கி வைத்துக்கொள்கிறேன். உள்ளுக்குள் உலர்த்தச் சிறந்த வழி எது என்று தாங்கள் கையேடு போட்டுச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன்: இருப்பதிலேயே சிறந்த வழி எங்கள் தலைக்கு நேர் மேலே, ஒரு பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

15. தங்கள் கடிதத்தில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தி வேறு கடிதம் அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மட்டில் அது பிழையே இல்லை. துணி மாடிக்கு ஏறினால் துணை வீட்டுக்கு வருவாள். ஏறாவிட்டால் வரமாட்டாள்.

16. தாங்கள் மீண்டும் ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் தாராளமாக அனுப்பவும். இந்த முறை துணியை ஒளிக்க மாட்டேன், ஊதுபத்தி ஏற்ற மாட்டேன். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குள் தாங்களே தெரிந்துகொள்ள வசதியாக, கையேட்டின் எல்லா வழிகளிலும் உலர்த்திய தலையணை உறை ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துவிட வேண்டாம். கன்னத்தில் வைத்துப் பார்க்கவும்.

சாவிக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மூன்றாம் மாடி மேற்கு மூலை வீட்டுக்காரர்

நாள்: மழை விட்ட முதல் வேலை நாள்
இடம்: பூட்டிய மாடிக்குக் கீழ்த்தளம்

இணைப்பு: தலையணை உறை – ஒன்று. பார்த்த பிறகு திருப்பி அனுப்பவும். அவளுடையது.